பழைய கல்லில் கை வைக்காமல் இருக்கத்தான் இந்த இயந்திரம்

"கணினி ஓட்டும் சிஎன்சி இயந்திரத்தை வைத்து உடைந்த சிற்பங்களையும் பழைய கட்டடங்களையும் சரிசெய்யலாம் என்கிறார்களே, உண்மையா? அப்படிச் செய்தபின் அது பழைய பொருள்தானா, இல்லை நகலா? சிற்பிகளுக்கு அப்புறம் என்ன வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முடியும், பல வருடங்களாக நடந்துகொண்டும் இருக்கிறது. ஆனால் சிஎன்சி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பூஜை அறைக் கதவில் பிள்ளையாரையும் லட்சுமியையும் செதுக்கும் மர ரூட்டர்தான். ஒரு கோப்பைக் கொடுத்துவிட்டால் ஒரே மாதிரி நூறு கதவு வந்து விழும். பழைய கட்டடத்தைச் சீரமைக்கும்போது நூறு எதற்கும் தேவைப்படாது. அங்கே வேண்டியது ஒரே ஒரு துண்டு, அதுவும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் உட்காரக்கூடிய துண்டு. அந்த இடம் பெரும்பாலும் ஓர் உடைப்பாக இருக்கும், மேடும் பள்ளமுமாக, எந்த அளவுகோலுக்கும் அடங்காமல். அந்த உடைப்பை என்ன செய்கிறோம் என்பதில்தான் நல்ல சீரமைப்பும் கெட்ட சீரமைப்பும் பிரிகின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்து ஏதென்ஸில் இருக்கும் பார்த்தெனானைவிட நல்ல பாடம் கிடையாது. கி.மு. 447இல் கட்டத் தொடங்கிய கோயில். 1687 செப்டம்பர் 26 அன்று, துருக்கியர்கள் அதற்குள் வெடிமருந்தைக் குவித்து வைத்திருந்த சமயத்தில், மொரோசினி தலைமையில் வந்த வெனிஸ் படையின் குண்டு ஒன்று உள்ளே விழுந்தது. கட்டடத்தின் நடுப்பகுதி வெடித்துச் சிதறியது. பிறகு 1898இல் தொடங்கி 1933 வரை, இடையில் விட்டு விட்டு, நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் சிதறிக் கிடந்த கற்களைத் திரும்பத் தூக்கி நிறுத்தினார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லமாட்டேன், இன்று படங்களில் நாம் பார்க்கும் தூண் வரிசையில் ஒரு பங்கு அவர் நிறுத்தியது. ஆனால் மூன்று காரியங்கள் விபரீதமாகிவிட்டன. எந்தக் கல் எந்த இடத்தில் இருந்தது என்று பார்க்காமல், அளவு ஏறக்குறைய ஒத்துவந்தால் போதும் என்று பல கற்களை இடம் மாற்றி வைத்துவிட்டார். கற்களைப் பிணைக்கச் சாதாரண இரும்பைப் போட்டார். பழைய கிரேக்கர்களும் இரும்புக் கவ்விதான் போட்டார்கள், ஆனால் அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றி, காற்றும் நீரும் அண்டாமல் மூடினார்கள். பலானோஸின் இரும்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. துருப்பிடித்தது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும் பொருள் என்பதால், உள்ளிருந்தே சலவைக்கல்லைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது.

மூன்றாவது காரியம்தான் உங்கள் கேள்வியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. உடைந்த பழைய கல்லோடு புதுத்துண்டை ஒட்டவேண்டிய இடங்களில், பழைய கல்லின் கரடுமுரடான உடைப்பைச் சமதளமாக வெட்டிவிட்டார்கள். வெட்டினால்தான் புதுத்துண்டு நேராக உட்காரும். கையால் வேலை செய்கிறவருக்கு அதுதான் சுலபம், அந்தக் காலத்தில் பெரும்பாலும் நடைமுறையும் அதுதான். ஆனால் 2,400 வருடப் பழைய கல், ஒட்டு வசதிக்காகக் குறைந்துபோனது. போனது போனதுதான், அதைத் திரும்பக் கொண்டுவர எந்த இயந்திரமும் கிடையாது.

1975இல், பார்த்தெனான் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கென ஒரு குழு அமைந்தது. எண்பதுகளில் பார்த்தெனானில் வேலை தொடங்கியபோது, ஹராலம்போஸ் பூராஸ், மனோலிஸ் கோரெஸ் போன்ற கட்டடக் கலைஞர்கள் இதை அப்படியே தலைகீழாக்கினார்கள். பழைய கல்லில் ஒரு துளியும் எடுக்கக்கூடாது. புதுக்கல் தன்னை வளைத்துக்கொண்டு பழைய உடைப்புக்குள் போய் உட்காரவேண்டும். எப்படி? உடைப்பின் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்சு எடுத்தார்கள். அந்த அச்சின் பரப்பு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் புதுத்துண்டின் ஒட்டுமுகமும் இருக்கவேண்டும், இல்லையா? அதனால் ஒரு கை பிளாஸ்டரைத் தடவிக்கொண்டு போக, அதோடு இணைந்த இன்னொரு கை அதே அசைவைப் புதுச் சலவைக்கல்லில் பிரதி எடுக்கிற பான்டோகிராஃப் வகைக் கருவிகளை வைத்து வெட்டினார்கள். கல்லையும் பழைய கோயிலுக்குக் கல் எடுத்த அதே பென்டெலி மலையிலிருந்தே கொண்டுவந்தார்கள். துருப்பிடித்த இரும்பைக் கழற்றிவிட்டு டைட்டானியம் போட்டார்கள். அந்த டைட்டானியக் கவ்வியின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒன்று: நிலநடுக்கத்தில் தாங்கமுடியாத விசை வந்தால் முதலில் கவ்விதான் விட்டுக்கொடுக்கவேண்டும், சலவைக்கல் உடையக்கூடாது என்று பார்த்து அதன் பலத்தைத் தீர்மானித்தார்கள். கவ்வியை நாளைக்கே மாற்றிவிடலாம். கல்லை முடியாது.

தூண்களிலும் இதே முறைதான். ஒவ்வொரு தூணிலும் மேலிருந்து கீழாக 20 நெடும்பள்ளங்கள் ஓடுகின்றன. தூண் மேலே போகப்போகச் சிறுக்கும், நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு புடைப்பு இருக்கும். அடித்தளமும் மட்டமாக இல்லை, நீளப் பக்கத்தில் நடுப்பகுதி ஓரங்களைவிடச் சுமார் 11 செ.மீ. உயர்ந்து வளைந்திருக்கிறது. அதனால் ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இல்லை. புதுக்கல்லில் இந்தப் பள்ளங்களைக் குடைந்து எடுக்கும் பெரும்பாடான வேலையை இயந்திரம் செய்தது. கடைசிப் பரப்பை உளி பிடித்த மனிதர்கள் முடித்தார்கள்.

பான்டோகிராஃபில் கணினி இல்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் இன்றைய சிஎன்சி செய்வது அதே காரியத்தைத்தான். தடவும் முள்ளுக்குப் பதில் லேசர் ஸ்கேனர், இணைக்கும் இரும்புக்கைக்குப் பதில் ஒரு கோப்பு. பிளாஸ்டரை ஈரமாகப் பழைய கல்லில் பூசவேண்டிய அவசியமே இல்லாமல் போனது பெரிய லாபம். நொறுங்கும் நிலையில் இருக்கும் மணற்கல்லிலும், மேலே வண்ணப்பூச்சு மிச்சம் இருக்கும் சிற்பத்திலும் அச்சு எடுக்கவே கூடாது, உரிக்கும்போது தோலோடு வந்துவிடும். அங்கே ஸ்கேன் மட்டுமே வழி.

ஸ்கேன் என்றதும் எல்லாம் கச்சிதமாக வந்துவிடும் என்றும் நினைக்கவேண்டாம். 1999 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று ஃபுளோரன்ஸில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலையை ஸ்கேன் செய்தது, ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான சிலை, அதன் பரப்பைச் சுமார் 200 கோடி குட்டி முக்கோணங்களாகக் காட்டும் கணினி மாதிரி கிடைத்தது. அப்போது அவர்களை வாட்டிய பிரச்சினைகளில் ஒன்று, சலவைக்கல் ஒளியை உள்ளே விடும் என்பது. லேசர் புள்ளி கல்லின் மேல்தோலில் நிற்காமல் கொஞ்சம் உள்ளே போய்ப் பரவித் திரும்புகிறது, அதனால் அளவில் சின்னச் சின்ன நடுக்கம் வருகிறது. பளபளப்பான வெண்கலம் வேறு விதத்தில் ஏமாற்றும், பளிச்சென்று எதிரொளித்துப் பொய் அளவு கொடுக்கும். ஆழமான மடிப்புகளுக்குள் ஸ்கேனர் பார்க்கவே முடியாது, அங்கே மாதிரியில் ஓட்டைகள் இருக்கும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த ஓட்டைகளை அது தானே மூடிவிடும், மூடியது தெரியவே தெரியாது. அதுதான் ஆபத்து, ஏனென்றால் அந்த இடத்தில் இருப்பது சிற்பியின் வேலை இல்லை, மென்பொருளின் ஊகம். எங்கெங்கே ஓட்டை இருந்தது, எதை யார் எதைப் பார்த்து நிரப்பினார்கள் என்று எழுதி வைக்காத வேலையை நான் சீரமைப்பு என்று ஏற்கமாட்டேன்.

அடுத்து வெட்டுவது. முதலில் வைரத் தூள் பதித்த வட்ட ரம்பம் கல்லில் பக்கத்துப் பக்கத்தில் ஆழமாகக் கீறிக்கொண்டே போகும். நடுவில் மெல்லிய தகடுகளாகக் கல் நிற்கும், அதைச் சுத்தியலால் தட்டினால் உதிர்ந்துவிடும். உருவம் மொத்தமாகத் தெரிந்ததும் முனை உருண்டையான வெட்டுக்கருவிக்கு மாறும். மூன்று திசைகளில் மட்டும் நகரும் சாதாரண மூன்று அச்சு (axis) இயந்திரம் மேலிருந்து மட்டுமே இறங்கமுடியும், தாடைக்குக் கீழே, கைக்கும் இடுப்புக்கும் நடுவே எல்லாம் போகாது. அதற்குச் சாய்த்துத் திருப்பவும் முடிகிற ஐந்து அச்சு இயந்திரம் வேண்டும், அல்லது சுழலும் மேடையும் ரோபோ கையும் வேண்டும். இத்தாலியில் கராரா பகுதியில் இப்போது சலவைக்கல் ரோபோக்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

நேரம் எங்கே போகிறது என்று ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். 6 மி.மீ. விட்டமுள்ள உருண்டை முனையை 1 மி.மீ. இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டினால், வரிசைகளுக்கு நடுவே சுமார் 0.04 மி.மீ. உயர வரப்பு நிற்கும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் ஓட்டம். நிமிடத்துக்கு 2 மீட்டர் என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல். இடைவெளியைப் பாதியாக்கினால் வரப்பு கால்வாசியாகும், நேரம் இரட்டிப்பாகும். இவ்வளவு செய்தும் உள்மூலைகள் கூர்மையாக வராது, அந்த முனையின் ஆரமான 3 மி.மீ. வளைவுதான் மூலையிலும் நிற்கும். கண்ணிமையின் ஓரம், துணி மடிப்பின் அடி, எழுத்தின் கூர்முனை எல்லாம் இந்த மூன்று மில்லிமீட்டருக்குள்தான் இருக்கின்றன. அதனால்தான் நல்ல பட்டறைகளில் மேலே ஓரிரு மில்லிமீட்டர் கல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டு இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். மிச்சத்தை முடிப்பது சிற்பி. உங்கள் மூன்றாவது கேள்விக்கு இது பாதி பதில்: மாதக்கணக்காகக் குப்பைக்கல்லை வெட்டித் தள்ளும் வேலை சிற்பியிடமிருந்து போகிறது, தீர்மானம் எடுக்கும் வேலை அவரிடமே இருக்கிறது. மீதிப் பாதி அவ்வளவு ஆறுதலானது இல்லை. இளம் சிற்பிகள் கை பழகுவதே அந்தக் குப்பைக்கல்லில்தான். அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், முப்பது வருடம் கழித்து அந்தக் கடைசி ஓரிரு மில்லிமீட்டரைத் தொடத் தெரிந்தவர் யார் இருப்பார்? இதை யோசிக்காமல் இயந்திரம் வாங்கும் பட்டறை தன் அடுத்த தலைமுறையைத் தானே வெட்டிக்கொள்கிறது என்றுதான் சொல்வேன்.

இயந்திரத்துக்குத் தெரியாத இன்னொரு விஷயம், கல்லின் படுகை. மணற்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அடுக்கு அடுக்காகப் படிந்து உருவானவை. சுவரில் வைக்கும்போது அந்த அடுக்குகள் படுத்திருக்கவேண்டும், பூமியில் இருந்தது போலவே. அடுக்குகளை வெளிமுகமாக நிறுத்தி வைத்தால் சில பத்தாண்டுகளில் தோல் தோலாக உரிய ஆரம்பிக்கும். கோப்பில் அந்த விவரம் கிடையாது. கல்லை இயந்திரத்தில் ஏற்றுகிறவர் பார்த்து ஏற்றினால்தான் உண்டு.

சரி, இயந்திரமே வேண்டாம் என்று முடிவெடுத்த இடத்தையும் சொல்லவேண்டும். பாரிஸின் நோத்ர் தாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15 அன்று தீப்பிடித்து, அதன் ஓக் மரக் கூரைச் சட்டம் முழுவதும் எரிந்துபோனது. நல்லவேளையாக ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றுப் பேராசிரியர் 2010இலேயே கட்டடத்தை லேசரில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். தீ விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு அவர் இறந்துவிட்டார், தன் வேலை எதற்குப் பயன்படப்போகிறது என்று அவருக்குத் தெரியாமலே போனது. மரச் சட்டத்தைக் கட்டை கட்டையாக அளந்து வரைந்த இன்னொரு ஆவணமும் 2014இல் இரண்டு கட்டடக் கலைஞர்கள் தயாரித்தது இருந்தது. ஆக, துல்லியமான தரவு கையில் இருக்கிறது, பிரான்ஸில் பெரிய பெரிய மரவேலை இயந்திரங்களும் இருக்கின்றன. இருந்தும் நடுக்கூடத்தின், பலிபீடப் பகுதியின் சட்டங்களைக் கோடரியால் செதுக்கினார்கள், பதின்மூன்றாம் நூற்றாண்டில் செய்தது போலவே, பச்சை ஓக் மரத்தில்.

சிலர் இதை வெறும் ஏக்கம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, இதில் உறுதியான தொழில்நுட்பக் காரணம் இருக்கிறது. ரம்பம் நேர்க்கோட்டில் போகும், மரம் வளைந்திருந்தால் நாரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். கோடரி பிடிப்பவர் நாரின் போக்கிலேயே செதுக்குகிறார், வளைந்த மரம் வளைந்த உத்தரமாகவே நிற்கிறது, நார் முனைக்கு முனை அறுபடாமல் ஓடுகிறது. பழைய சட்டத்தின் பலம் அந்த முறையில்தான் இருந்தது. அதனால் அங்கே செய்முறையையே காப்பாற்றவேண்டியிருந்தது. 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, நகல் பற்றி. இரண்டு உதாரணங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிரியாவின் பல்மைராவில் ரோமானியர் கால வளைவு ஒன்றை 2015இல் ஐஎஸ் அமைப்பினர் தகர்த்தார்கள். அடுத்த ஏப்ரலிலேயே லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அதன் நகல் நின்றது, பழைய புகைப்படங்களிலிருந்து மாதிரி உருவாக்கி, கராராவில் ரோபோக்களை வைத்து எகிப்தியச் சலவைக்கல்லில் வெட்டியது. மூலம் சுண்ணாம்புக்கல். நகல் அளவில் சிறியது, நுணுக்கங்கள் மழுங்கியது, நின்ற இடமோ வேறு கண்டம். அழிவை உலகத்துக்கு நினைவூட்டியதில் அதற்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைச் சீரமைப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளமுடியாது. வளைவின் உண்மையான கற்கள் பல்மைராவில்தான் கிடந்தன, வேலை இருந்தது அவற்றின்மேல்.

இன்னொன்று எகிப்தில் லக்சர் பக்கம், பழங்கால மன்னன் துட்டன்காமனின் கல்லறை. 1922இல் கண்டுபிடித்ததிலிருந்து பார்வையாளர்களின் மூச்சும் வியர்வையும் தூசியும் அந்தச் சின்ன அறையின் சுவரோவியங்களை வருத்திக்கொண்டே இருக்கின்றன. ஃபாக்டும் ஆர்ட்டே என்ற மாட்ரிட் பட்டறை 2009இல் சுவர்களை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்தது. சுவரின் ஏற்ற இறக்கத்தை, விரிசல் உட்பட, முழு அளவில் பாலியூரித்தேன் பலகைகளில் சிஎன்சியில் குடைந்தார்கள். நிறங்களை மெல்லிய, நெகிழும் தோல் ஒன்றில் அச்சிட்டு அந்தப் பரப்பின் மேல் பொருத்தினார்கள். 2014இல், கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்டர் வாழ்ந்த வீட்டின் அருகே இந்த நகல் அறை திறக்கப்பட்டது. கார்டர் கல்லறைக்குள் நுழைவதற்காக உடைத்து எடுத்த சுவர்ப்பகுதி ஒன்றையும் பழைய புகைப்படங்களிலிருந்து மீட்டெடுத்துத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், மூலக் கல்லறையில் அதை இன்று பார்க்கமுடியாது. இந்த நகல் தன்னை மூலம் என்று சொல்லிக்கொள்வதில்லை. மூலத்தின்மேல் விழும் சுமையைத் தான் வாங்கிக்கொள்கிறது. பார்த்தெனானின் டைட்டானியக் கவ்வி செய்வதும் அதுதான்.

புதுத்துண்டு புதிது என்று தெரியவேண்டுமா, மறைக்கவேண்டுமா என்பதில் சண்டை நடந்துகொண்டே இருக்கிறது. பழைய சின்னங்களைச் சீரமைப்பதற்கான சர்வதேச நெறிமுறையாக 1964இல் வந்த வெனிஸ் சாசனம், மாற்றிச் சேர்க்கும் பகுதி மொத்தத்தோடு இசைந்திருக்கவேண்டும், அதே சமயம் மூலத்திலிருந்து பிரித்தறியும்படியும் இருக்கவேண்டும் என்கிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்கவேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி 2005இல் மீண்டும் எழுந்த, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஃபிரவுவென்கிர்ஹ தேவாலயத்தில் கறுத்த பழைய கற்கள் புது வெளிர் மணற்கல்லுக்கு நடுவே அங்கங்கே தெரியும், எது பிழைத்தது எது புதிதாக வந்தது என்று தெருவில் நின்றே சொல்லிவிடலாம். எனக்கு அந்த நேர்மை பிடிக்கும்.

நம் கோயில்களில் இதைச் செய்யமுடியுமா என்றும் கேட்பீர்கள் என்று தெரியும். முதல் தடை கல். ஐரோப்பிய உதாரணங்கள் எல்லாம் பெரும்பாலும் சலவைக்கல், சுண்ணாம்புக்கல். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் அவற்றின் கடினம் 3 பக்கம். நம் கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது, அதன் கடினம் 7. வைரக் கருவிகூடச் சீக்கிரம் தேயும், தேயத்தேய அதன் விட்டம் குறையும், அதனால் வெட்டும் அளவும் வேலை நடக்க நடக்க மாறும், நடுவில் நிறுத்தி அளந்து திருத்தவேண்டும். கராராவில் ஒரு வாரத்தில் முடிவது இங்கே முடியாது. செய்யமுடியாதது இல்லை, மெதுவானது, செலவானது. அதனால் முழுச் சிற்பத்துக்கு யோசிக்காமல், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை உடைந்த இடம், தளவரிசை ஓரம், விரிசல் விட்ட உத்தரத்துக்கு அடியில் வைக்கும் தாங்கு துண்டு போன்ற இடங்களில் ஒட்டுமுகத்தை மட்டும் இயந்திரத்தில் வெட்டி, மிச்சத்தைச் சிற்பியிடம் விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியது ஸ்கேன். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிப்போன கல்வெட்டுகள் நம் கோயில்களில் இருக்கின்றன. அந்தச் சுவர்களை முன்பே ஸ்கேன் செய்து வைத்திருந்தால் எழுத்தாவது கையில் இருந்திருக்கும், கணினியில் ஒளியைச் சாய்த்துக் காட்டினால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கீறல்கூடப் படிக்கும்படி எழுந்து வரும். அதனால் உங்கள் ஊர்க் கோயிலிலோ பழைய கட்டடத்திலோ திருப்பணி என்று பேச்சு வந்தால், இயந்திரம் இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: வேலை தொடங்கும் முன் யார் ஸ்கேன் செய்கிறார்கள், எந்தத் துல்லியத்தில், திருத்தாத மூலத் தரவு யாரிடம் இருக்கும், ஒப்பந்தக்காரர் போனபின்னும் அது கோயிலிடமே இருக்குமா, எந்த மென்பொருளிலும் திறக்கிற பொதுவான கோப்பு வடிவத்திலும் ஒரு பிரதி இருக்குமா? இன்னொன்றும் உண்டு. புதுத்துண்டு பொருந்துவதற்காகப் பழைய கல்லில் எங்காவது வெட்டப்போகிறார்களா என்று கேளுங்கள். "கொஞ்சம்தான் சார், சமப்படுத்தத்தான்" என்று பதில் வந்தால், வேலையை அங்கேயே நிறுத்தி வைக்கச் சொல்லலாம்.